சிக்னல் போனாலும் வேலை நிற்கக் கூடாது
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று கம்ப்யூட்டர் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில மாமிகள் முகம் வாடுவது தெரிகிறது. பயப்பட வேண்டாம், நானும் நிபுணன் இல்லை. 1971-இல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். அகத்தில் நடந்த ஒரு விஷயம்தான் இதைப் படிக்க வைத்தது.

சென்ற ஆண்டு நானும் மனைவியும் ரயிலில் சென்னை போனோம். அவளுடைய மருந்துப் பட்டியல் என் மொபைலிலும் பெண்ணின் மொபைலிலும் இருக்கும். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் மாறும். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னபடி, பி.பி. மாத்திரையைப் பாதியாக்கி எழுதினாள் பெண். பட்டியலில் எழுதியாயிற்றே என்று தனியாகச் சொல்லவில்லை. இட்டார்சி தாண்டி, சிக்னல் இல்லாத இடத்தில், நான் வேறொரு மாத்திரையின் நேரத்தைத் திருத்தினேன். சிக்னல் வந்ததும் என் பட்டியல் நின்றது. அவள் எழுதியது சுவடில்லாமல் போயிற்று. கடைசியாக எழுதியதே செல்லும் என்பது அந்த மென்பொருளின் கணக்கு. மூன்று நாள் முழு மாத்திரை. நான்காம் நாள் காலை மனைவி தலை சுற்றிக் கீழே விழ இருந்தாள். நல்லவேளை, கதவைப் பிடித்துக் கொண்டாள்.

இந்தச் சிக்கலை 1980-களிலேயே ஆராய்ந்தவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மகாதேவ் சத்யநாராயணன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு 1987-இல் தொடங்கியது 'கோடா' என்ற கோப்பு முறை. ஜேம்ஸ் கிஸ்லரும் அவரும் எழுதிய கட்டுரை 1992-இல் வெளிவந்தது.

டூர் போன அதிகாரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். கிளம்புமுன் தேவைப்படும் ஃபைல்களின் நகலைப் பெட்டியில் வைத்துக் கொள்வோம். போன இடத்தில் அதைக் கொண்டே வேலை பார்த்து, செய்ததையெல்லாம் குறித்து வைப்போம். திரும்பியதும் தலைமை ஃபைலில் ஏற்றுவோம். கோடாவும் இதையேதான் செய்கிறது. ஒரு சர்வர் படுத்துவிட்டாலும் வேறு சர்வர்களில் நகல் உண்டு. எல்லாமே எட்டாமல் போனால் கையிலுள்ள கம்ப்யூட்டரின் நகல் இருக்கிறது.

ஒருவர் எடுத்ததை மற்றவர் தொடாதபடி பூட்டிவிடலாமே என்பீர்கள். பீரோவைப் பூட்டிச் சாவியோடு லீவில் போகும் குமாஸ்தாவை நாம் பார்த்ததில்லையா! அதனால் கோடா பூட்டுவதில்லை. அவர்கள் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட திருத்தங்கள், அதே கோப்பை முன்பு திருத்தியவரே செய்தவையாக இருந்தன. மோதல் அபூர்வம்தான். அப்படி மோதினால், கோடா எதையும் சத்தமில்லாமல் அழிப்பதில்லை. வெளியூரில் செய்த திருத்தங்களைத் தனியே பத்திரப்படுத்தி, தீர்மானத்தை மனிதரிடம் விடுகிறது. எங்கள் மருந்துப் பட்டியலில் இல்லாமல் போனது இது ஒன்றுதான்.

மனைவி இப்போது சௌக்கியம். பட்டியலில் கை வைத்தால் உடனே போன் செய்து சொல்ல வேண்டும் என்பது பெண் எனக்குப் போட்டிருக்கும் உத்தரவு. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், காபி வருவதற்குள்.