லாசர் என்கிற தேவசகாயம்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையோரத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் போய், தாத்தா பெயர் என்ன என்று கேளுங்கள். சத்தியநேசன், ஞானதாசன், யேசுதாசன், தேவசகாயம் என்று பதில் வரும். மலையாளத் திரையுலகின் பெரும் நடிகர் சத்யனின் இயற்பெயரும் சத்தியநேசன்தான். வடக்கே கோட்டயம் பக்கம் போனாலோ சாக்கோ, மத்தாயி, ஔசேப்பு! யாக்கோபும் மத்தேயுவும் யோசேப்பும் பேச்சில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டார்கள். எல்லையோரத்து மக்கள் தங்களுக்கு விளங்கும் சொல்லாகவே பெயரை வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

அந்தப் பெயர்களில் தேவசகாயத்தின் கதையைச் சொல்கிறேன்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் சாலையில் போனால், மார்த்தாண்டத்துக்கு அருகே நட்டாலம். அங்கே 1712இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் திருவிதாங்கூர் அரசு அலுவலர். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு நண்பரானார். மனம் நொந்திருந்த நீலகண்டருக்கு டிலனாய் சொன்னது, எல்லாம் இழந்தும் நம்பிக்கை இழக்காத யோபுவின் கதை. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சூட்டிய பெயர் லாசர்.

அதன் வேர் எபிரேயத்து எலெயாசார். ‘எல்’ என்றால் கடவுள். கடவுள் துணைநின்றார் என்பது முழுப்பொருள். கிரேக்கத்தில் அது லாசரோஸ் ஆனது, இத்தாலியில் லாட்சரோ, பால்டிக் கடலோரத்து லித்துவேனியாவில் லோசோரியுஸ். அங்கெல்லாம் ஓசைதான் உருமாறிப் போனது. தமிழில் பொருளே பெயராயிற்று: தேவசகாயம். வேதம் படிக்காதவருக்கும் கேட்டவுடன் புரியும் பெயர்.

புதிய நம்பிக்கைக்காகவும், சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியதற்காகவும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1749இல் சிறை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பெயர் மட்டும் இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. மலையாளத்தில் எழுதினாலும் அதே தேவசகாயம்தான்.

2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவில், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரில் முதல் புனிதர். அந்த அறிவிப்பில் ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் இல்லை. பலர் கேட்டுப் போராடியதன் பேரில் நீக்கப்பட்டது. அது முற்றிலும் சரியான முடிவு. சாதியைக் கடந்து வந்தவரின் பெயரில் மறுபடி சாதியை ஒட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

நேயர்களே, இவற்றைப் பழைய பெயர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு ஞானதாசனோ சத்தியநேசனோ இருந்திருந்தால், அந்தப் பெயரின் பொருளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதையே வைக்கலாமா என்றும் யோசியுங்கள்.