மேல்மடையின் உப்பு, கடைமடையின் வயல்



அமெரிக்காவில் கொலராடோ என்றொரு நதி. மலையில் பிறக்கும்போது நல்ல தண்ணீர். மெக்சிகோ நாட்டின் மெக்சிகாலி சமவெளியை எட்டும்போது உவர். ஏன்? பயிரும் வெயிலும் தண்ணீரைத்தான் குடிக்கும், உப்பைக் குடிக்காது. மண்ணிலே தங்கும் உப்பை வடிகால் நீர் அரித்து வந்து ஆற்றிலே சேர்க்கிறது.

1944 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தண்ணீர். 1961ல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பாசன வட்டாரம் தன் நிலத்தடி உவர் நீரைப் பம்பு வைத்து இறைத்து ஆற்றில் விட்டது. அங்கே வயல் பிழைத்தது. எல்லைக்கு இப்பால் பயிர் கருகியது. ஒப்பந்தத்தில் தரத்தைப் பற்றிப் பேச்சில்லை என்று வாதாடியது வாஷிங்டன்!

மெக்சிகாலி விவசாயிகள் சும்மா இருக்கவில்லை, தெருவில் திரண்டார்கள். ஆனாலும் 1973 ஆகஸ்டில்தான் உடன்பாடு வந்தது. இம்பீரியல் அணையில் உள்ள உப்பைவிட, பத்து லட்சம் பங்குக்கு 115 பங்குக்கு மேல் (30 கூடக்குறைய) ஏறக்கூடாது என்று முடிவாயிற்று.

1974ல் சட்டம் செய்தார்கள். யூமாவில் உப்பு நீக்கும் பெரிய ஆலை 1992ல் முடிந்தது. கொஞ்ச காலமே ஓடியது. உவர் நீரைத் தனி வாய்க்காலில் மெக்சிகோவின் சதுப்பு நிலத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பலன் தந்தது எளிய வேலைதான்: கொலராடோ மாநிலத்துக் கிராண்டு பள்ளத்தாக்கில் வாய்க்காலுக்குச் சிமெண்டுக் காரை பூசினார்கள்; தண்ணீரை அளந்து பாய்ச்சினார்கள். கசிவு குறைந்தது, உப்பும் குறைந்தது.

தோழர்களே, இதில் பாடம் ஒன்று உண்டு. எத்தனை அடி தண்ணீர் என்று மட்டும் கேட்டால் போதாது. எப்படிப்பட்ட தண்ணீர் என்றும் கேட்க வேண்டும். அதையும் கடைமடைக்காரன் ஒன்றுசேர்ந்து கேட்டால்தான் மேல்மடைக்குக் காது கேட்கும்!