வெந்நீர் கேட்ட பெண்கள்

(தலைப்பு: விளையாட்டில் பெண்கள் சாதிக்கப் பெரிதும் தேவை முயற்சியா? வாய்ப்பா? ‘வாய்ப்பே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் வந்தார். “முயற்சி இருந்தா போதும், பொண்ணு எதையும் சாதிப்பா”ன்னார். ஐயா, அவர் வீட்டுல போய்ப் பாக்கணும். காபி போடுற முயற்சி அம்மாவுக்கு. குடிக்கிற வாய்ப்பு அவருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

முயற்சிக்குக் குறைவில்லாத பெண்களின் கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம். அங்கே பெண்களுக்கு ஒரு படகுப் போட்டி அணி. எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். ஒருவர் சுக்கான் பிடித்துக் குரல் கொடுப்பார். ஹௌசடோனிக் ஆற்றில், கடுங்குளிரிலும் பயிற்சி. உள்ளே வியர்வை, மேலே பனித்தண்ணீர். கரையேறினால் ஆண்களுக்குப் படகுக் கூடத்தில் வெந்நீர்க் குளியல். பெண்களுக்கு? குளியலறையே கிடையாது! ஆண்கள் குளிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் ஈரத்துணியோட பஸ்ஸுல உக்காந்திருக்கணும். ஒரு பெண்ணுக்கு நிமோனியாவே வந்துவிட்டது.

இத்தனைக்கும் 1972-லேயே சட்டம் வந்தாச்சு. ‘ஒன்பதாம் பிரிவு’ என்று பெயர். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம், பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது. சட்டம் புத்தகத்துல வந்துச்சு. வெந்நீர் குழாயில வரலை! (கைதட்டல்)

1976 மார்ச் 3. கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பெண்கள் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்கள். உடையைக் களைந்து நின்றார்கள். சபையில சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஆனால் அவர்கள் உடம்பில் அந்தச் சட்டத்தின் பெயர் எழுதியிருந்தது. எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசித்தார். பிறகு வெளியேறினார்கள். நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே பெண்களுக்கு அறை கட்டினார்கள்.

“அதுவும் முயற்சிதானே?” என்று எதிரணி துள்ளுவது தெரிகிறது. முயற்சிதான். ஆனா எதுக்கு? பதக்கம் கேட்டா போனாங்க? வாய்ப்பைக் கேட்டுத்தானே போனாங்க! ஆற்றில் செலவாக வேண்டிய தெம்பை அதிகாரி அறையில் செலவழிக்க வைத்தது யார்? (பலத்த கைதட்டல்)

அந்தச் சட்டத்தால் கல்லூரிதோறும் பெண்கள் படகு அணிகள் பெருகின. 1997-ல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே பெண்களுக்குச் சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் வெற்றி வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. பெண்ணின் கை அதே கைதான், மாறினது வாய்ப்பு!

எர்ன்ஸ்ட் பின்னாளில் என்ன ஆனார் தெரியுமா? பிளம்பர்! இனிமே வெந்நீருக்கு யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம் பாருங்க! (சிரிப்பு)

நான் எட்டாவது வரைக்கும் கோ-கோ ஆடினேன். உடை மாற்ற ஓர் அறை இல்லாத பள்ளி. ஒன்பதாவதில் அப்பா, “போதும்மா”ன்னுட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் காலில் ஓட்டம் இருந்தது ஐயா. கதவு போட்ட ஓர் அறைதான் இல்லை.

எனவே, வாய்ப்பே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.