டிரம்மில் தேங்கிய மாங்கூழ்

இன்று மாங்கூழைப் பற்றிப் பேசப்போகிறேன். மாம்பழத்தின் பெருமை பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூழுக்குத்தான் ஆள் இல்லை.

ஆந்திராவின் வரதய்யபாளையத்தில் நின்று பார்த்தால் நெல் வயலும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை ஆலைகளின் கூரைகளும்தான் தெரியும். மேற்கே போகப் போக, பாகாலா, பங்காருபாளையம், குடிபாலா பக்கமெல்லாம் தோத்தாபுரித் தோப்புகள். சென்னைச் சந்தையில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் கேட்டு வாங்குகிறோமே, அதே பழம்தான். அறுத்துத் தின்ன இதைவிட ருசியானவை எத்தனையோ உண்டு. ஆலைக்குக் கட்டுப்படியாவது இதுதான். பழத்தைக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் நிரப்பி, அந்தப் பையை இரும்பு டிரம்முக்குள் அடைக்கிறார்கள். ஒரு டிரம்மில் ஏறக்குறைய 215 கிலோ. இருபதடி கன்டெய்னரில் 80 டிரம் ஏறும். சென்னைத் துறைமுகம் வழியாக சவுதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து என்று கப்பலேறிப் போய், அங்கே யாரோ குடிக்கிற ஜூஸ் பாட்டிலுக்குள் சேருகிறது.

2025 ஜூன் மாதம் இந்தப் பாதை அடைத்துக்கொண்டது. முந்தின வருஷக் கூழ் விற்காமல் கிடங்கிலேயே கிடந்தது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதிலிருந்து, 2023 கடைசியிலிருந்தே, ஐரோப்பா போகிற சரக்கு பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போனது. கூலியும் கூடியது, நாளும் கூடியது. இந்த நேரம் பார்த்துத் தோப்பில் காய்ப்பு அமோகம். ஆலை வாசலில் பழ டிராக்டர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு நாள்கணக்கில் வரிசையில் நின்றன. பழம் வரிசையில் நிற்குமா? அது பாட்டுக்குக் கனிந்து ஒழுகியது. சிலர் சாலையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஆந்திர அரசு சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கட்டும், நாங்கள் 4 ரூபாய் சேர்க்கிறோம், விவசாயி கையில் 12 என்றது. வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று ஜூன் 7-ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவும் போட்டார். எல்லைக்கு அந்தப்பக்கம் கோலார் விவசாயிகளுக்கும் இதே ஆலைகள்தான் கதி. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. ஜூலையில் மத்திய அரசு, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1,490 ரூபாய் 73 காசு என்று ஆந்திராவுக்கு விலை குறித்தது. அளவு 1.62 லட்சம் டன், செலவு மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பாதிக்குப் பாதி. எழுபத்துமூன்று காசு வரை கணக்குப் பார்த்தவர்கள் கிடங்கில் எத்தனை டிரம் கிடக்கிறது என்பதையும் சீசனுக்கு முன்பே பார்த்திருக்கலாம். ஆலைகள் தரவேண்டிய 8 ரூபாய் முழுதாக வரவில்லை, வந்ததும் தாமதம் என்று விவசாயிகள் புகார் சொன்னார்கள்.

இங்கே இன்னொரு கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில், ஆர்செப் என்கிற பெரிய வணிகக் கூட்டமைப்பில் சேரப்போவதில்லை என்று இந்தியா சொல்லிவிட்டது. ஏழு வருஷம் பேச்சு நடத்திவிட்டு வாசலிலேயே திரும்பிய கதை. நியூசிலாந்துப் பால் பவுடர் வந்து குவிந்தால் நம் மாட்டுக்காரர்கள் என்ன ஆவார்கள் என்ற பயம் நியாயமானது. திரும்பியது சரி என்றே நானும் நினைக்கிறேன். அப்படித் திரும்பியதால் ஏற்றுமதி பாழாயிற்று என்று பேசுகிறவர்கள் உண்டு. மாங்கூழைப் பொறுத்தவரை அது கணக்குக்கு நிற்காது. ஆர்செப்பில் உள்ள பதினைந்து நாடுகளில் ஆசியான் நாடுகள் பத்தோடும், ஜப்பானோடும், தென்கொரியாவோடும் நமக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. ஆஸ்திரேலியாவோடு 2022-இல் வந்துவிட்டது. கூழ் வாங்கும் சவுதியும் ஏமனும் நெதர்லாந்தும் ஆர்செப்பிலேயே இல்லை.

வரியைத் தள்ளினால் போதும், சரக்கு தானாக ஓடும் என்ற நம்பிக்கைதான் எனக்குப் பிடிபடுவதில்லை. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் மாங்கூழுக்குச் சுங்கவரி இல்லை என்கிறார்கள். நல்ல செய்திதான். அதே மாதம்தான் பங்காருபாளையத்தில் பழம் தெருவில் கிடந்தது.

அந்த பிரிட்டனையே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நிஜமாகவே வெளியே வந்த நாடு. 2021 ஜனவரியில் புதுக் காகிதங்கள், புதுச் சோதனைகள். ஸ்காட்லாந்து மீனும் நண்டும் துறைமுகப் பாதையில் தேங்கின. அதற்குப் பிறகுதான் மீன் ஏற்றுமதியாளர்களுக்கு 2.3 கோடி பவுண்டு வரை நஷ்ட ஈடு என்று அறிவிப்பு வந்தது. சிறு வியாபாரிகளுக்குத் தலைக்கு 2,000 பவுண்டு வரை தர ஒரு நிதியும் வந்தது, சுங்கக் காகித வேலை கற்றுக்கொள்ள. சரக்கு கெட்ட பிறகு காசு, ரூல் அமலான பிறகு பாடம். பணக்கார நாடும் அப்படித்தான் செய்தது என்பதில் நமக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

ஆலைக்காரர் நிலையையும் யோசிக்க வேண்டும். மே கடைசியிலிருந்து ஜூலை வரை, இரண்டே மாதத்தில், வருஷம் முழுவதற்குமான பழத்தைக் கடன் வாங்கி வாங்குகிறார். கூழ் விற்றுக் காசு வர மாதக்கணக்காகும். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்றுமதிக் கடனுக்கான வட்டிச் சலுகை 2024 டிசம்பரோடு முடிந்துபோனது. அதாவது, நெருக்கடி சீசனுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் முன்னால். அப்புறம் 2025 நவம்பரில் 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் என்று ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வட்டிச் சலுகை மறுபடியும் அதற்குள் வருகிறது. அதற்கு முன்பே, செப்டம்பரில், மாங்கூழின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உள்நாட்டு ஜூஸ் கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம்.

கிலோவுக்கு 4 ரூபாயை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பல குடும்பங்கள் அந்த வருஷம் தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கும். ஆனால் அந்தப் பணம் ஒரு டிரம்மைக்கூடக் கப்பலில் ஏற்றவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் எந்த ஆலையில் எவ்வளவு பழைய கூழ் இருக்கிறது என்று அரசு கேட்டு வாங்கி, பூ விடும் நேரத்திலேயே விவசாயிக்குச் சொல்லலாம். அபேடா என்கிற மத்திய வேளாண் ஏற்றுமதி ஆணையம் டெல்லியில் 1986-லிருந்து இயங்குகிறது; சித்தூரை மாங்கூழ் ஏற்றுமதி மண்டலமாக அறிவித்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோலாரும் கிருஷ்ணகிரியும் சித்தூரும் ஒரே வாங்குபவரிடம்தான் போய் நிற்கின்றன. எல்லையில் லாரியை மறிக்கிற நேரத்துக்கு, மூன்று மாநிலத் தோட்டக்கலை அதிகாரிகளும் பிப்ரவரியில் ஒரு மேஜையில் உட்கார்ந்து, அந்த வருஷத்துக் கூழுக்கு ஆர்டர் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பார்த்திருக்கலாம்.