பாதி மேலாடை



பழைய குதிரைப்படை அதிகாரிகளின் வாள்களை அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சாதாரணக் குதிரைவீரனுக்கு வாள் படையிலிருந்தே கிடைத்தது. அதிகாரிகள் சொந்தக் காசில் சொல்லிச் செய்துகொண்டார்கள். கைக்கு ஏற்ற அளவு, அலகில் பூவேலை, சிலவற்றில் பெயரின் முதலெழுத்துகள். கல்வராயன் மலையில் நம்மவர்கள் கொல்லுப்பட்டறையில் நின்று, "பிடி இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்" என்று சொல்லி அரிவாள் அடித்து வாங்குகிறார்களே, அதுபோலத்தான்.

அரிவாள் விறகு வெட்டும், மரவள்ளிக் குச்சி நறுக்கும். அந்த வாள்களுக்கு வேறு வேலை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து வெள்ளையர் பலரைக் கொன்றார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். அன்றே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அழுத தாய்மார் இரு பக்கமும் இருந்திருப்பார்கள்.

கெத்சமனியில் பேதுரு வாளை உருவியபோது, அதை உறையில் போடச் சொன்னார் ஆண்டவர். வெட்டுண்ட காதையும் தொட்டு நலமாக்கினார். ஆனால் உருவிய வாளாலேயே ஆண்டவருக்குப் பணி செய்த குதிரைவீரர் ஒருவர் உண்டு.

அவர் தூர்ஸ் நகர் புனித மார்ட்டின். நான்காம் நூற்றாண்டு, உரோமைப் படை. தந்தை படை அதிகாரி என்பதால் மகனும் படையில் சேரவேண்டியதாயிற்று. அப்போது அவர் திருமுழுக்குக்கூடப் பெறவில்லை, ஆயத்தத்தில்தான் இருந்தார். கடுங்குளிரில் அமியேன் நகர வாயிலில் ஆடையின்றி நடுங்கிய ஓர் ஏழையைக் கண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். மார்ட்டினிடம் பணம் இல்லை, இருந்ததை முன்பே கொடுத்துவிட்டார். வாளை உருவினார். தம் மேலாடையை இரண்டாக வெட்டிப் பாதியை அவருக்குப் போர்த்தினார்.

ஏன் பாதி என்று சிலர் கேட்பார்கள். முழுவதையும் கொடுத்தால் இவரல்லவா விறைத்துப்போவார்! அரை மேலாடையோடு நின்றவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். அன்றிரவு கனவில் அந்தப் பாதியை அணிந்து நின்றவர் இயேசு.

நவம்பர் 11 அவருடைய திருநாள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் குளிர் ஏறுகிற காலம் அது. மலையில் முதியவர்கள் விடியும்வரை அடுப்போரம் குந்தியிருப்பார்கள். இங்கே நம் பீரோக்களில், திருமணத்துக்கு வந்த போர்வைகள் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. கிழிந்ததைத் தேடாதீர்கள். நல்லதாக ஒன்றை எடுத்து, மலைக்குப் போகிறவர் யாரிடமாவது 11ஆம் தேதிக்குள் கொடுத்தனுப்புங்கள்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.