வாலிபரின் தேசாந்தர யாத்திரையும் பரோபகாரமும்

(செங்கற்பட்டில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இவ்வாண்டு விழாவில் எம்மைப் பேசுமாறு பணித்த காரியதரிசி அவர்கள் விஷயத்தையும் தாமே குறித்தனுப்பினார்கள். கலாசாலைப் படிப்பை முடித்த பிள்ளைகள், மேற்படிப்பிலோ உத்தியோகத்திலோ புகுமுன் ஓராண்டை ஒழித்துக்கொண்டு, தனியே அந்நிய தேசஞ் சென்று, ஊதியமின்றி ஊழியஞ் செய்து மீளும் வழக்கமே அது. இதனை இடையாண்டு என்று வழங்குவோம். சென்ற நிர்வாக சபைக் கூட்டத்திற்கு இது குறித்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று ஒரு பெண்பிள்ளை எழுதியது. நமது கல்வி நிதியின் விதிப்படி படிப்பில் ஓராண்டு இடைவெளி விட்டவர்க்கு உதவிப்பணம் நின்றுபோம். விதியைத் தளர்த்தலாமென்று சிலரும், தளர்த்தலாகாதென்று பலரும் வாதித்து, முடிவு இந்த மகாசபைக்கு விடப்பட்டிருக்கின்றது. இரு கட்சியாருக்கும் எம்மீது சிறிது கோபம் வரும் என்று அறிந்தே யாம் இவ்விடம் நிற்கின்றோம்.

முதற்கண் பெரியோர் கட்சியை எடுத்துக்கொள்வோம். கடல் கடந்தால் குலாசாரம் கெடும் என்று நம் முன்னோர் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. கணித மேதை ராமானுஜன் 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னையிற் கப்பலேறுமுன் அவர் வீட்டில் எழுந்த தயக்கம் யாவரும் அறிந்ததே. இன்று அவ்வச்சம் இல்லை. நம் வீடுகளில் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஒருவர் இல்லாத வீடு அரிது. இன்றைய அச்சம் வேறு. ஓராண்டு வீணாகுமே, கடன் ஏறுமே, பெண்ணுக்கு வரன் தட்டிப்போமே, முகமறியாத தேசத்தில் நோயோ ஆபத்தோ வந்தால் யார் துணை என்பனவே பெற்றோர் கேட்கும் கேள்விகள். இவற்றை மூடத்தனமென்று தள்ளும் வாலிபர், பெற்றோர் உள்ளத்தை அறியாதவர் ஆவர்.

இனி இவ்வழக்கத்தின் பிறப்பைச் சிறிது காண்போம். சுவிட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயராகிய பியேர் செரெசோல் என்பவர், முதல் உலக யுத்தத்திற் பாழான பிரெஞ்சுக் கிராமம் ஒன்றை மீளக் கட்டுவதற்கு, 1920-இல், பகைநாட்டாராயிருந்தவரையும் ஒன்று சேர்த்து மண்வெட்டி பிடிக்கச் செய்தார். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் பீஹாரிற் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது அவரே சில தோழருடன் நம் தேசத்துக்கு வந்து, ராஜேந்திர பிரசாதருடன் கலந்து, குடியிழந்தோர்க்கு வீடுகள் எழுப்பும் பணியில் உழைத்தார். அவர் உபதேசஞ் செய்ய வரவில்லை. மண் சுமக்க வந்தார் என்பதைக் கவனிக்க.

பின்னர் 1958-இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பவரும் அவர் மனைவியாரும், பள்ளி முடித்துச் சர்வகலாசாலை புகவிருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஓராண்டு அயல் நாடுகளுக்கு அனுப்பும் ஸ்தாபனத்தைத் தொடங்கினர். 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடி அமைதிப் படை என்னும் தொண்டர் படையை நிறுவினார். அதனைச் சேர்ந்தோர் 1976 வரையில் நம் தேசத்திலும் பணிபுரிந்தனர். இவற்றுள் டிக்சனது ஸ்தாபனம் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. காலஞ்செல்லச் செல்ல அது பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவதை விடுத்து, தொழில் கற்றுத் தேர்ந்தவரையே அனுப்பலாயிற்று. நல்ல மனம் மாத்திரம் கொண்டு சென்றவரைக் காட்டிலும், கையில் ஒரு தொழிலுங் கொண்டு சென்றவரே சென்றவிடத்தார்க்குப் பயன்பட்டார் என்பதன்றோ இதன் பொருள்?

நல்ல மனம் மாத்திரம் கொண்டு செல்வதால் வருங் கேட்டிற்கு நம் சமூகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. குடும்பத்தார் அனுமதி பெற்றே இதைச் சொல்லுகின்றோம். நம் வாலிபர் ஒருவர் முகவர் ஒருவரிடம் பெருந்தொகை செலுத்தி, அயல்நாட்டில் அநாதைச் சிறுவர்க்கு ஆங்கிலங் கற்பிக்கச் சென்றார். இரு வாரத்துக்கொரு முறை புதிய தொண்டர் வருவதும் பழையவர் போவதுமாக இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுதன. பின்னர் விசாரிக்கையில் அப்பிள்ளைகளிற் பலர்க்குத் தாய் தந்தையர் உயிரோடிருப்பது தெரிந்தது. கம்போடியா, நேபாளம் முதலிய தேசங்களில், வெளிநாட்டார் தரும் பணத்துக்காகவே பெற்றோருள்ள பிள்ளைகளை விடுதியிற் சேர்க்கும் கொடுமை வெளிப்பட்டிருக்கின்றது. 2018-இல் ஆஸ்திரேலியா தேசத்துப் பார்லிமெண்டு நவீன அடிமைத்தனத்தைப் பற்றிச் சட்டஞ் செய்தபோது இதனையும் ஆராய்ந்தது. நம் வாலிபரோ குற்றமற்றவர். ஆயினும் அவர் கொடுத்த பணமே அக்கொடுமைக்கு எண்ணெய் வார்த்தது என்று அறிந்த நாள்முதல் அவர் மனம் ஆறவில்லை.

அங்ஙனமாயின் போகவே கூடாதோ என்பீர்கள். அதற்கு விடை நம் கடற்கரையிலேயே இருக்கின்றது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலி என்னும் ஊரில் முதலைப் பண்ணை ஒன்றுண்டு. வேடிக்கை காணக் குழந்தைகளை அழைத்துச் செல்லாத குடும்பம் நம்மில் இராது. அதனை 1976-இல் நிறுவினோருள் முதல்வர் ரோமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவிற் பிறந்து, சிறுவனாய் இந்தியா வந்து, கொடைக்கானலிற் படித்தவர் அவர். 1960-களில் அமெரிக்கா சென்று, மியாமி நகரத்தில் பில் ஹாஸ்ட் என்னும் பாம்பு நிபுணரிடம் வேலை செய்து, விஷமெடுக்குந் தொழிலைக் கற்றார். கற்றதைக் கொண்டுவந்து 1969-இல் சென்னையையடுத்துப் பாம்புப் பண்ணை தொடங்கினார். பின்னர் இந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். அருகிப்போன முதலையினம் வடநெம்மேலியில் ஆயிரக்கணக்காய்ப் பெருகிற்று. பல தேசத்து வாலிபரும் அங்கே தொண்டராய் வருகின்றனர். தொட்டி கழுவுவதும் தீனி நறுக்குவதும் அவர்க்கு முதற் பாடம். பல கடல் கடந்து வந்தவர் நம் ஊர் வேலையாளிடம் துடைப்பம் பிடிக்கக் கற்பது நகைப்பிற்குரியதன்று. அதுவே தொண்டின் அரிச்சுவடி.

அப்பண்ணையோடு தொடர்புடைய இருதிறத்தாரின் கதையைச் சுருங்கச் சொல்லுவோம்.

ஒருவர் சதீஷ் பாஸ்கர். கேரளத்திற் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் படிக்க வந்து, படிப்பைக் காட்டிலுங் கடலையே பெரிதென்று கொண்டவர். 1970-களில் சென்னைக் கடற்கரையில், பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் இரவுகளில், மைல் கணக்காய் நடந்து முட்டைகளைக் காத்த சிலருள் அவரும் ஒருவர். பின்னர் நம் தேசத்துக் கடற்கரைகளையும் தீவுகளையும் பெரும்பாலும் தனியே கால்நடையாய் ஆராய்ந்தார். 1982-இல் லக்ஷத்தீவைச் சார்ந்த, மனிதர் குடியில்லாத சுஹேலி தீவில், பேராமைகள் முட்டையிடுங் காலத்தைக் காணும்பொருட்டு, படகு எதுவும் நெருங்க முடியாத மழைக்கால முழுவதும் ஏறக்குறைய ஐந்து மாதம் ஏகாங்கியாய்த் தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அஃது இலங்கைக் கரையை அடைய, மீனவர் ஒருவர் கண்டெடுத்துத் தம் கைக் கடிதமும் சேர்த்து அனுப்பிவைத்தார். முகமறியாத அம்மீனவரின் அன்பைப் பாருங்கள்! அதன் பின்னரே பாஸ்கர் இந்தோனேசியாவைச் சேர்ந்த மேற்குப் பப்புவாக் கரைக்குச் சென்று ஏழுவரி ஆமைகளை ஆராய்ந்தார். முதலிற் சொந்தக் கரை, பிறகு சொந்த தேசம், அதன்பின் அயல் தேசம் என்னும் அவ்வொழுங்கே நாம் கற்க வேண்டுவது. அவர் 2023-இற் காலமானார்.

மற்றவர் நம் மாவட்டத்து இருளர் பெருமக்களாகிய மாசி சடையனும் வடிவேல் கோபாலும். பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபின் பிழைப்பிழந்த இருளர்க்காக 1978-இற் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷமெடுத்து, மீண்டுங் காட்டில் விடுகின்றனர். அவ்விஷத்தைச் சிறிது சிறிதாய்க் குதிரைகட்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து முறிமருந்து செய்கின்றனர். வயலிற் பாம்பு தீண்டி உயிர் பிழைத்த நம் உறவினர் பலரின் உயிருக்கு இருளர் கையே காரணம்.

அமெரிக்காவிலுள்ள புளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காடுகளில் பர்மியப் பெரும்பாம்புகள் பெருகி, அந்நாட்டுப் பிராணிகளை அழித்துவந்தன. 2016-இல் நடந்த வேட்டைப் போட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரு மாதம் அலைந்து 106 பாம்புகளே பிடித்தனர். 2017 ஜனவரியில் மாசியும் வடிவேலும் அங்கே அழைக்கப்பட்டனர். ஆங்கிலம் அறியாதார், கையிற் கடப்பாரை, கண்ணில் தடமறியுந் திறம். இருவாரத்துக்குள் 13 பெரும்பாம்புகளை அவர்கள் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடிப் பெண்பாம்பு. அவர்கள் ஊதியம் பெற்றுச் சென்றவர். ஆதலின் தொண்டர் என்னும் பெயர் முற்றும் பொருந்தாது. ஆயினும் அயல் தேசத்தார்க்கு மெய்யாக உதவினோர் யார் என்று கேட்பின், முதலிற் சொல்லத்தக்கவர் இவர்களே. 2023-இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விட்டேக்கர் எந்த மாகாணத்துக்குப் போய்ப் பாம்புக் கலை கற்று வந்தாரோ, அதே மாகாணத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து நம் இருளர் ஆசான்களாய்ச் சென்றனர்.

அன்பர்களே! இவ்விடத்தில் யாம் கூறுவது சிலர்க்குக் கசக்கும். நம் சங்கம் தோன்றியது நம் குலத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்க. அதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் பல மைல் தூரத்து அநாதைப் பிள்ளைக்காக உருகும் நாம், கொளவாய் ஏரிக்கு அப்பாலுள்ள இருளர் குடியிருப்பின் வாசலில் எத்தனை முறை நின்றோம்? அவர்கள் நம் வயலிற் பாம்பு பிடிக்க வந்த நாளில், எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தோம்? அமெரிக்கர் விமானச் சீட்டனுப்பி அழைத்த மனிதரை நாம் திண்ணையில் அமரச் சொன்னதுண்டா? எம் வீட்டிலும் சொன்னதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். பிறந்த ஊரிற் கண்ணை மூடிக்கொண்டிருப்பவன், கடல் கடந்து போய்க் கண் திறப்பான் என்பது நிச்சயமில்லை.

ஆகையால் யாம் கூறும் முடிவு இது. பிள்ளைகள் போகட்டும், ஆணும் போகட்டும், பெண்ணும் போகட்டும். நிதி விதியைத் தளர்த்துங்கள். ஆனால் நான்கு நிபந்தனைகளோடு தளர்த்துங்கள்.

முதலாவது, இடையாண்டின் முதல் மூன்று மாதம் இம்மாவட்டத்திலேயே, பிறர் கட்டளைக்கு அடங்கி, நம் குலத்தாரல்லாதார்க்கு ஊழியஞ் செய்தல் வேண்டும். இரண்டாவது, செவிலிமையோ, தச்சோ, கணக்கோ, நீச்சலோ, கைத்தொழில் ஒன்று கற்றிருத்தல் வேண்டும். மூன்றாவது, போகுமிடத்தை நிர்வாக சபை விசாரித்தறிதல் வேண்டும். செலுத்தும் பணம் யாருக்குப் போகின்றது, அவ்வேலையை அவ்வூராரே செய்தற்கில்லையா, அங்கே மேற்பார்வை யார் என்பவற்றைக் கேட்க வேண்டும். குழந்தைகளோடு சிலநாள் பழகிப் பிரியும் வேலை வேண்டா. சுற்றுலா அனுமதிச் சீட்டில் சென்று தொண்டு செய்வது பல தேசங்களிற் சட்ட விரோதம். தக்க அனுமதியும் நோய்க் காப்பீடும் பெற்றே செல்லுக. நான்காவது, மீண்டு வந்தோர் தாம் கற்றதை இப்பத்திரிகையில் எழுதுக. கொடுத்ததை அன்று, கற்றதை!

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. ஓராண்டு பிந்தியதால் கெட்டுப்போன வரனை யாம் கண்டதில்லை; உலகமறியாமையாற் கெட்ட இல்லறங்களைக் கண்டிருக்கின்றோம். வாலிபர்க்கும் ஒரு வார்த்தை. வாரந்தோறும் வீட்டுக்குத் தகவல் அனுப்புங்கள். பாஸ்கருக்குப் புட்டியும் கடலுமே தபாலாயின. உங்கள் கையிலோ தொலைபேசி இருக்கின்றது.

விண்ணப்பித்த அப்பெண்பிள்ளை செவிலிமை கற்றவள் என்று அறிகின்றோம். முதல் மூன்று மாதத்தை எங்கே கழிப்பாய் என்று நேற்று அவளைக் கேட்டோம். பாம்புக்கடி வைத்தியம் எப்படி நடக்கின்றது என்று இருளர் குடியிருப்பிற் போய்க் கேட்டறிந்து தொடங்குவேன் என்றாள். அவள் தகப்பனார் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றார். அவர் தடை சொல்லாதிருப்பாராக; மகாசபையும் தீர்மானத்தை இன்றே நிறைவேற்றுமாக.