பதறாத குரல்கள்: ஒரு விமானி அறையின் 44 நிமிடங்கள்

பேரிடர் வேளையில் ஒருவர் காக்கும் அமைதி அவருடைய பிறவிக் குணம் என்றும், அது சிலருக்கு வாய்க்கும், பலருக்கு வாய்க்காது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. விமானப் போக்குவரத்துத் துறையின் அனுபவம் இக்கருத்தை ஏற்பதில்லை. ஆபத்து நெருங்கும்போது மனிதரின் கவனம் குறுகிக் கண்முன் உள்ள ஒற்றைச் சிக்கலிலேயே ஒட்டிக்கொள்கிறது என்பதும், பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் கருத்தில் பதியாமல் போகிறது என்பதும், நீண்ட அனுபவம் உடையவர்களுக்கும் இது நேர்கிறது என்பதும் அத்துறையின் விபத்து விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்ட உண்மைகள். வேலை எவ்வாறு பகிரப்படுகிறது, யார் யாரிடம் எந்த முறையில் பேசுகிறார், மேலிடத்தில் இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்கத் துணிகிறாரா என்பவற்றைப் பொறுத்தே ஒரு குழுவின் அமைதி அமைகிறது என்று அத்துறை நாளடைவில் கண்டுகொண்டது. இதற்கு 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த யுனைடெட் 232 விமான விபத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்த விபத்துக்கு ஏறத்தாழப் பத்தரை ஆண்டுகளுக்கு முன்பு, 1978 டிசம்பர் 28-ஆம் நாள், அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் போர்ட்லேண்ட் நகரை நெருங்கியபோது, அதன் சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்ற ஐயம் எழுந்தது. தலைமை விமானி அந்த ஒரு சிக்கலிலேயே மூழ்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட, எரிபொருள் குறைந்து வருவதைப் பற்றி உடனிருந்தவர்கள் சொன்னவை அழுத்தமாகச் சொல்லப்படாமலும் அழுத்தமாகக் கேட்கப்படாமலும் போய், எரிபொருள் முற்றிலும் தீர்ந்து விமானம் புறநகரில் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். அதன்பின் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1979-இல் கூட்டிய பயிலரங்கில் ஒரு பயிற்சி முறைக்கு அடித்தளம் இடப்பட்டது. பணிக்குழு வள மேலாண்மை எனப்படும் அம்முறையின்படி, விமானி அறையில் உள்ள ஒவ்வொருவரின் அறிவும் கருவிகளைப் போலவே ஒரு வளமாகக் கருதப்படும். இளையவர் தாம் கண்டதைத் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் அதைச் செவிமடுத்து எடைபோட்டு முடிவெடுக்கவும் பயிற்றுவிக்கப்படுவர். 1981-இல் யுனைடெட் நிறுவனம் இப்பயிற்சியைத் தன் விமானிகளுக்குக் கட்டாயமாக்கத் தொடங்கியபோது, வானூர்தி ஓட்டத் தெரிந்தவருக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு. எட்டே ஆண்டுகளில் அதற்கு விடை கிடைத்தது.

டென்வர் நகரிலிருந்து சிகாகோ சென்றுகொண்டிருந்த யுனைடெட் 232 என்ற அந்த டிசி-10 விமானத்தில் 296 பேர் இருந்தனர். பிற்பகல் 3.16 மணிக்கு, 37,000 அடி உயரத்தில், வாலில் பொருத்தப்பட்டிருந்த இரண்டாம் எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. விசிறித் தட்டு என்பது எஞ்சினின் முகப்பில் சுழலும் இதழ்களைத் தாங்கும் டைட்டானிய உலோக வட்டம். அதன் உலோகம் உருக்கி வார்க்கப்பட்டபோதே உள்ளே தங்கிவிட்ட ஒரு சிறு மாசிலிருந்து விரிசல் கிளம்பி, பராமரிப்புச் சோதனைகளில் கண்டறியப்படாமல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்தது என்று பின்னர் தெரியவந்தது. எஞ்சின் ஒன்று நின்றுபோனால் மற்ற இரண்டைக் கொண்டு பறக்க முடியும். ஆனால் சிதறிய துண்டுகள் வாலின் வழியே சென்ற ஹைட்ராலிக் குழாய்களை அறுத்துவிட்டன. இறக்கைகளிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளை எண்ணெய் அழுத்தத்தால் இயக்குவது ஹைட்ராலிக் அமைப்பு. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அமைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் எண்ணெய் வடிந்துபோயிற்று. விமானி எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர் கையில் இருந்த கட்டுப்பாட்டுச் சக்கரத்துக்கும் விமானத்துக்கும் தொடர்பே இல்லாத நிலை. இத்தகைய நிலைக்கு விமானக் கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை; மூன்றும் ஒருசேர இழக்கப்படும் என்று எவரும் எண்ணவில்லை.

தலைமை விமானி ஆல்ஃபிரட் ஹெய்ன்ஸ், ஏறத்தாழ 30,000 மணி நேரம் பறந்த மூத்தவர். அவருக்கு வலப்புறம் துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸ். பின்னே விமானப் பொறியாளர் டட்லி ட்வோராக். விமானம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போவதை ரெக்கார்ட்ஸ் தெரிவித்தவுடன், ஹெய்ன்ஸ் இட எஞ்சினின் விசையைக் குறைத்து வல எஞ்சினின் விசையைக் கூட்ட, கவிழவிருந்த விமானம் மெல்ல நிமிர்ந்தது. இரட்டை மாட்டு வண்டியில் வலப்பக்க மாட்டை மட்டும் தட்டிவிட்டால் வண்டி இடப்பக்கம் திரும்புவதைப் போன்றது அந்த உத்தி. எஞ்சின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நெம்புகோல்கள் த்ராட்டில் எனப்படும். அன்று அந்த இரண்டு த்ராட்டில்கள் மட்டுமே மிச்சம்.

இந்த இடத்தில்தான் நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி வருகிறது. பயணிகளிடையே டென்னிஸ் ஃபிட்ச் என்ற மற்றொரு விமானி அமர்ந்திருந்தார். டிசி-10 விமானிகளைப் பயிற்றுவிப்பது அவர் வேலை. அவர் பணிப்பெண் வழியாக உதவ முன்வந்தபோது, ஹெய்ன்ஸ் அவரை உடனே உள்ளே அழைத்து, பயணிகள் பகுதிக்குச் சென்று சன்னல் வழியே இறக்கைப் பலகைகள் அசைகின்றனவா என்று பார்த்து வரச் சொன்னார். அவை அசையவில்லை என்ற செய்தியோடு திரும்பியவரிடம், த்ராட்டில்களை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். ஃபிட்ச் இரு விமானிகளின் இருக்கைகளுக்கு இடையே தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு கையிலும் ஒரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார். தம் விமானத்தின் உயிர்நாடியான கருவியைச் சற்று முன்வரை பயணியாக இருந்த ஒருவரின் கையில் ஒரு தலைமை விமானி ஒப்படைத்தார் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஹெய்ன்ஸ், அந்த அறையில் இருந்த நால்வருக்கும் சேர்த்து நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பறப்பு அனுபவம் இருந்ததென்றும், அதில் ஒரு நிமிடம்கூட இத்தகைய நிலையில் பழகியதன்று என்பதால், மற்ற மூவரைவிடத் தமக்கு அதிகம் தெரியும் என்று எண்ணுவதற்குக் காரணமே இல்லை என்றும் விளக்குவார். ஒரு தலைவர் தம்மைப் பற்றிச் சொல்லக்கூடிய சொற்களில் இதைவிடப் பெருமை தருவது வேறில்லை.

ஃபிட்ச் செய்த வேலையின் நுட்பம் தனியே சொல்லத்தக்கது. கட்டுப்பாட்டை இழந்த விமானம் நேராகப் பறப்பதில்லை. மூக்கு தாழும்போது வேகம் கூடுகிறது, வேகம் கூடியதும் தானே மேலே எழுகிறது, எழுந்ததும் வேகம் குறைந்து மீண்டும் தாழ்கிறது. ஃபியூகாய்டு அலைவு எனப்படும் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் விமானம் உயரத்தை இழந்தது. அதைத் தணிக்க, மனம் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருந்தது. விமானம் தரையை நோக்கிப் பாயும்போது விசையைக் கூட்ட வேண்டும், ஏனெனில் இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின்களின் தள்ளுவிசை மூக்கை உயர்த்தும். மூக்கு மேலெழுந்து வேகம் குறையும்போது விசையைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு அசைவின் விளைவும் தெரிவதற்குச் சில நொடிகள் ஆகும் என்பதால், நடக்கப்போவதை முன்கூட்டியே கணித்துக் கை அசைய வேண்டும். இத்துடன் விமானம் ஓயாமல் வலப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. நகரை நெருங்குவதற்குள் அது வலப்பக்கமாகப் பல வட்டங்கள் சுற்றியது. இடப்பக்கத் திருப்பம் ஒன்றே ஒன்றுதான் கைகூடியது. இருவர் கண்கள் வெளியிலும் கருவிகளிலும் இருக்க, ஒருவர் கைகள் நெம்புகோல்களில் இருக்க, ட்வோராக் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பராமரிப்பு மையத்தோடு வானொலியில் பேசிக்கொண்டே இருந்தார். மூன்று அமைப்புகளும் போய்விட்டன என்பதை அங்கிருந்த பொறியாளர்களால் முதலில் நம்ப முடியவில்லை. அவர்களிடம் தருவதற்கு ஆலோசனையும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்ததால் அந்த அறையில் அச்சத்துக்கு இடம் குறைவாக இருந்தது. விமானி அறை ஒலிப்பதிவில் பதிவான உரையாடல் சுருக்கமானது. சிரிப்பும் அதில் உண்டு. எந்த ஓடுபாதையிலும் இறங்கலாம் என்று தரைக் கட்டுப்பாட்டாளர் அனுமதி தந்தபோது, ஓடுபாதையேதான் வேண்டுமா என்ற பொருளில் ஹெய்ன்ஸ் வேடிக்கையாகக் கேட்டது இன்றும் விமானப் பயிற்சி வகுப்புகளில் நினைவுகூரப்படுகிறது.

அந்தக் கட்டுப்பாட்டாளர் அயோவா மாநிலத்தின் சூ நகர விமான நிலையத்தில் பணியில் இருந்தவர். முன்பு வேலை செய்த இடத்தில் மன அழுத்தம் மிகுதி என்று சூ நகருக்கு மாறி வந்தவர் அவர் என்பதை ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் தம் உரைகளில் குறிப்பிடுவதுண்டு. ஆயினும் 44 நிமிடங்களும் அவர் குரல் ஏறவோ நடுங்கவோ இல்லை. திசை, தொலைவு, காற்று என்று தேவையானவற்றை மட்டும் சீராகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குரலே விமானி அறைக்குத் தெம்பாக இருந்தது. 9,000 அடி நீள ஓடுபாதைக்கு வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட விமானம், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டு மூடிக் கிடந்த 22-ஆம் எண் ஓடுபாதையை நோக்கித் திரும்பியிருப்பது கடைசி நிமிடங்களில் தெரிந்தது. தீயணைப்பு வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்ததே அந்தப் பாதையில்தான். அது ஒத்துவரும், வண்டிகளை அகற்றுகிறோம் என்ற அளவில் மறுமொழி வந்தது, வண்டிகளும் அகன்றன.

பயணிகள் பகுதியில் நடந்ததையும் விட்டுவிடக் கூடாது. தலைமைப் பணிப்பெண் ஜேனிஸ் பிரவுன் விமானி அறைக்குள் சென்று நிலைமையை அறிந்து வெளியே வந்தபோது, முகம் மாறாமல் பார்த்துக்கொண்டார். சக பணிப்பெண்களை ஓரிடத்தில் கூட்டிப் பயணிகளைக் கலவரப்படுத்தாமல், தனித்தனியே சென்று செய்தியைச் சொன்னார். ஹெய்ன்ஸ் பயணிகளிடம் பேசியபோது, இறக்கம் மிகக் கடுமையாக இருக்கும் என்பதை மறைக்கவில்லை. உண்மை சொல்லப்பட்டதால் பயணிகள் தலையைக் குனிந்து உடலைக் காத்துக்கொள்ளும் முறையைக் கருத்தோடு கற்றுக்கொண்டனர்.

மாலை 4 மணியளவில், வழக்கமான வேகத்தைவிட மிகக் கூடுதலாக, மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் தரையைத் தொட்டது. வலப்பக்க இறக்கை முனை முதலில் மோத, விமானம் உடைந்து, தீப்பற்றி, ஒரு பகுதி சோள வயலுக்குள் தலைகீழாகச் சென்று விழுந்தது. 112 பேர் உயிரிழந்தனர். 184 பேர் பிழைத்தனர். நசுங்கிக் கிடந்த விமானி அறையில் உயிரோடு எவரும் இருக்க முடியாது என்று கருதி மீட்புப் பணியாளர்கள் முதலில் அதைக் கடந்து சென்றனர். அரை மணி நேரத்துக்குப் பிறகு அதிலிருந்து நால்வரும் உயிரோடு எடுக்கப்பட்டனர்.

தரையில் இருந்தவர்களின் ஆயத்தம் தனி உரைக்கு உரியது. நேரம் கருதிச் சிலவற்றை மட்டும் குறிக்கலாம். அந்த மாவட்டம் 1987-இல் நடத்திய பேரிடர் ஒத்திகையில், பெரிய பயணிகள் விமானம் ஒன்று அதே மூடிய ஓடுபாதையில் விழுவதாகவே கற்பனை செய்யப்பட்டிருந்தது. அதில் கண்ட குறைகள் களையப்பட்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களும் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. விபத்து நேர்ந்தது மருத்துவமனைகளில் பணிமுறை மாறும் நேரம் என்பதால் இரு பணிமுறை ஊழியர்களும் அங்கு இருந்தனர். விமான நிலையத்திலேயே தேசியக் காவல் படையின் வான் பிரிவினரும் பணியில் இருந்தனர். இவற்றில் பாதி நற்பேறு என்பதை ஹெய்ன்ஸ் ஒருபோதும் மறுக்கவில்லை. தாம் பிழைத்ததற்கான காரணங்களை அடுக்கும்போது நற்பேற்றையே முதலில் வைத்து, தகவல் தொடர்பு, ஆயத்தம், செயலாக்கம், ஒத்துழைப்பு ஆகியவற்றை அதன்பின் சொல்வது அவர் வழக்கம். விபத்துக்குப் பின் அதே நிலையை ஒப்புருவாக்கக் கருவிகளில், அதாவது தரையில் இருந்தபடியே பறக்கும் அனுபவத்தைத் தரும் பயிற்சி இயந்திரங்களில், உருவாக்கிச் சோதித்தபோது பாதுகாப்பாகத் தரையிறக்குவது இயலாததாகவே இருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையும், அக்குழு செய்தது எதிர்பார்க்கத்தக்க அளவை மிகவும் விஞ்சியது என்று மதிப்பிட்டது. நால்வரும் உடல் தேறி மீண்டும் வானில் பறந்தனர். ஹெய்ன்ஸ் 1991-இல் ஓய்வு பெற்று, 2019-இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று இதைப் பற்றியே பேசினார்.

அக்குழுவில் ஒருவர் சொன்னது மட்டும் இன்னும் முழுமையாகச் செவிமடுக்கப்படவில்லை. இருக்கை வாங்காமல் பெற்றோர் மடியில் வைத்திருந்த குழந்தைகளை, அன்றைய விதிப்படி தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பிரவுன் அறிவுறுத்த வேண்டியிருந்தது. அத்தகைய நான்கு குழந்தைகளில் ஒன்று இறந்தது. கைக்குழந்தைக்கும் தனி இருக்கையும் பட்டையும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அன்று தொடங்கிப் பல்லாண்டுகள் அவர் அரசிடமும் மக்கள் மன்றத்திலும் வலியுறுத்தி வந்தார். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துப் பறக்க அமெரிக்க விதி இன்றும் இடம் தருகிறது. விமானி அறைக்குள் இளையவரின் சொல்லுக்குக் காதுகொடுக்கக் கற்றுக்கொண்ட துறை, பயணிகள் பகுதியிலிருந்து எழுந்த இந்தக் குரலுக்கும் காதுகொடுக்கும் என்றும், அந்த விதி மாற்றப்படும் என்றும் நேயர்களோடு சேர்ந்து நம்பலாம்.